தோளுக்கு ஏறிய துண்டு

(வாத்தியார் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும் தோழர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஜெய்பீம்.

வாத்தியாரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். அவரோடு மனுப் போட்டு அலைந்தவர்கள், மறியலில் கைதாகி மண்டபத்தில் படுத்தவர்கள், இந்த இலக்கிய அமைப்பை அவரோடு சேர்ந்து கட்டியவர்கள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இருக்கிற தகுதி ஒன்றுதான். நான் அவரிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவன்.

கீழத்தஞ்சையில், திருத்துறைப்பூண்டி பக்கத்துச் சேரி எங்களுடையது. அங்கிருந்த தொடக்கப் பள்ளிக்கு வாத்தியார் மாற்றலாகி வந்தார். மூக்கொழுகிக்கொண்டு, பித்தான் இல்லாத கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற எங்களைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, சிலேட்டை எடுங்க" என்று சொன்னார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஓய்வு பெறும்வரை அப்படித்தான் சொன்னார். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். எங்களுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார், அவரைத்தான் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னேன். தாத்தாவுக்கு முகம் மாறிவிட்டது. "என்னடா தப்புப் பண்ணின?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புரியப் பதினைந்து வருடம் ஆனது. தாத்தாவின் வாழ்க்கையில் பண்ணையார் அவரைப் பார்த்து "வாங்க தொரை" என்று சொன்ன நாள்கள் உண்டு. அப்படிச் சொன்ன நாளில் அடி விழும். 'ங்க' என்ற அந்த விகுதி தாத்தாவின் காதுக்கு வந்ததெல்லாம் கிண்டலாகத்தான், அடிக்கு முன்னால் விழும் சத்தமாகத்தான். பேரனை வாத்தியார் 'வாங்க' என்று கூப்பிட்டால், பேரன் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த உலகத்தில் வேறு விளக்கம் கிடையாது.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருமுறை வாத்தியாரிடம் துணிந்து கேட்டேன், ஏன் அப்படிக் கூப்பிட்டீர்கள் என்று. "அஞ்சு வயசுப் புள்ளைங்க. இன்னும் ஆறு மாசத்துல எவனாவது 'டேய்'ன்னு கூப்பிடுவான். அதுக்கு முன்னாடி 'ங்க' எப்படி இருக்கும்னு காது தெரிஞ்சு வெச்சுக்கட்டுமேன்னுதான்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பதிலின் மீதியைத்தான்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை' என்ற வரியை எல்லா இடத்திலும் கேட்கிறோம். ஊர்த் தெருத் தேநீர்க்கடையில் அதற்கு ஒரு பொருள்: சேரிப் பையன் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகிறான், பைக்கில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு போகிறான். எங்கள் தெருத் திண்ணையிலும் கிழவர்கள் அதே வரியைத்தான் சொல்கிறார்கள்: பேரன் வந்தவரை வா என்று கேட்பதில்லை, செல்போனிலிருந்து தலையை எடுப்பதில்லை. வரி ஒன்று, வழக்கு இரண்டு. நாம் முதல் வழக்கில் நியாயமாகவே சினந்து எழுந்து, அந்த வேகத்தில் இரண்டாவது வழக்கையும் தள்ளுபடி செய்துவிட்டோமோ என்பது என் சந்தேகம்.

தாத்தாவுக்குப் பிறந்த வருடம் தெரியாது. 1952 புயலில் கூரை பறந்தபோது என் அப்பா கைக்குழந்தை என்று மட்டும் சொல்வார். அவர் பண்ணையாள். அவருடைய மரியாதை அவர் வாயில் இருந்ததைவிட உடம்பில்தான் அதிகம் இருந்தது. பண்ணை வீட்டார் வருவது தெரிந்தால் தோளில் கிடக்கிற துண்டு தானாக இறங்கி இடுப்புக்கோ கக்கத்துக்கோ போகும். முதுகு அரை அடி குறையும். செருப்புப் போட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை. அதனால் கழற்றிக் கையில் எடுக்கும் வேலை அவருக்கு இல்லை. பேசும்போது வலது கை வாயை மறைக்கும். எதிரே வருவது ஆறு வயதுப் பையனாக இருந்தாலும் 'ஆண்டே' என்பார். பையன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

ஆண்டை என்பது ஆள்பவர். ஆளப்படுபவர் ஆள். பண்ணையாள் என்ற சொல்லில் இருக்கிற 'ஆள்' மனிதன் என்று பொருள்படுகிறதா, உடைமை என்று பொருள்படுகிறதா என்று நான் யோசித்திருக்கிறேன். 'அவன் நம்ம ஆளு' என்று இன்றைக்குக் கட்சிக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் தாத்தாவின் நினைவு வருகிறது.

இதெல்லாம் வழக்கம், பழக்கம், பண்பாடு என்று சொல்கிறவர்கள் 1930-ஐப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. தங்கம் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போயிற்று. அது போதாதென்று 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப்படிக்கக் கற்கக் கூடாது என்பதும், கல்யாணத்தில் மேளம் கூடாது என்பதும் அதில் சேர்ந்தன.

மாணவர்கள் இந்தப் பட்டியலை ஒடுக்குமுறையின் பட்டியலாக மட்டும் படித்துவிட்டுப் போய்விடக் கூடாது. ஒருவர் செய்யாத காரியத்தை யாரும் தடை செய்வதில்லை. சட்டை கூடாது என்று கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், யாரோ சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறான் என்று பொருள். அந்தச் சீமையிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் போய்க் கூலி வேலை செய்து திரும்பியவர்கள் நிறைய. கடல் தாண்டிப் போனவன் கையில் ஒரு குடையோடும் தலையில் கிராப்போடும் வந்து இறங்கியிருப்பான். அவன் பிடித்த குடைதான் அந்த எட்டுத் தடைகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆக, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை' என்ற வரியின் மிகப் பழைய, மிக விரிவான எழுத்து வடிவங்களில் ஒன்று இந்தப் பட்டியல்.

இதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே திருவிதாங்கூரில் இதே சண்டை நடந்திருக்கிறது. மேல்சாதியார் எதிரில் மார்பை மறைக்காமல் இருப்பதே மரியாதை என்ற விதியை எதிர்த்து நாடார் பெண்கள் 1820-களிலிருந்து போராடி, 1859-இல் அரசாணை பெற்றார்கள். துணி போடுவது அவமரியாதை, துணியில்லாமல் நிற்பது மரியாதை. மரியாதை என்ற சொல்லை அகராதியில் தேடுவதற்கு முன்னால் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இலக்கணம் நமக்கு ஒரு விசித்திரமான உதவியைச் செய்திருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கத்தில் வந்த உயர்சொல்தானே தவிர, இலக்கண வழி அல்ல என்கிறது தொல்காப்பியம். அதாவது 'நீங்கள்' என்று ஒருவரை அழைப்பது மொழியின் இயல்பில் இருந்து வந்ததில்லை, மனிதர்கள் சேர்த்தது. சேர்த்தவர்கள் யாருக்குச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதுதான் கேள்வி. சாதிப் பெயர்களில் பாருங்கள். ஆதிக்கச் சாதிப் பெயர்கள் எல்லாம் 'ர்' என்று முடியும். நம்முடையவை 'ன்' என்று முடியும். பட்டியல் சாதிகளுக்கான அரசாணையில் இன்றைக்கும் 'பறையன்', 'சக்கிலியன்' என்றே இருக்கிறது. ஒருமையில் அரசே நம்மைக் கூப்பிட்டு, சான்றிதழும் கொடுக்கிறது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தது அந்த 'ன்'-ஐ நிமிர்ந்து எடுத்துக்கொண்ட செயல். 1922-இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத வைத்தது இன்னொரு வழி. இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடுகள் இருந்திருக்கலாம். இருவரும் சண்டை போட்டது ஒரு விகுதியோடு.

சீனிவாசனின் தன்வரலாற்றில் ஒரு இடம் எனக்கு மறப்பதில்லை. கோவையில் படித்தபோது சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். முடிந்ததும் யாரும் கூட வராதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். உடன் படித்தவர்கள் அந்தப் பையனைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? பழகத் தெரியாதவன், ஒட்டாதவன் என்று நினைத்திருப்பார்கள். நம் பிள்ளைகளில் இன்றும் எத்தனை பேர் கல்லூரி விடுதிகளில் 'பழகத் தெரியாதவர்களாக' இருக்கிறார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

அப்பாவின் தலைமுறைக்கு வருகிறேன்.

1940-களில் கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவும், மணலி கந்தசாமியும், சேரியிலேயே பிறந்த களப்பால் குப்பு போன்றவர்களும் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் அந்தப் போராட்டத்தில் ஒழிந்தன. குப்பு 1948-இல் சிறையிலேயே இறந்தார். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதெல்லாம் பாடப்புத்தக அளவில் உங்களுக்குத் தெரியும். கூலியும் மரக்காலும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது 'தோழர்' என்ற சொல்லைப் பற்றி. தாத்தாவின் காதுக்கு அவரைவிடப் பெரிய சாதிக்காரர் ஒருவரிடமிருந்து வந்த, கிண்டல் இல்லாத முதல் அழைப்பு அந்தச் சொல்தான். கொடி ஏற்றும்போது துண்டைத் தோளில் போடச் சொன்னார்கள். தாத்தா போட்டுக்கொண்டு வீடுவரை வந்து, பண்ணைவீட்டு முனையில் இறக்கிவிட்டாராம். ஆயா சொல்லிச் சிரிப்பாள். நான் சிரித்ததில்லை. அரை மைல் தூரம் துண்டு தோளில் இருந்திருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அரைப்படி நெல் கூலி உயர்வுக்காக என்று சொல்வது உண்மை. ஆனால் எங்கள் பகுதிப் பெரியவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: 'முன்ன மாதிரி பயந்து நிக்கல, அதான்.' அப்பாவுக்கு அப்போது பதினாறு பதினேழு வயது.

அப்பா 'ஆண்டே' என்று யாரையும் கூப்பிட்டதில்லை. 'நீ' என்று கூப்பிடவும் முடியவில்லை. வயல் அவர்களுடையது, வேலை அவர்களிடம். அப்போது அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? எழுவாய் இல்லாமல் பேசுவது. "உரம் வந்துச்சா?", "நாளைக்கு நடவு வெச்சுக்கலாமா?", "சாவி எங்க இருக்கு?" தமிழ் இதற்கு ஏற்ற மொழி. ஆளைச் சுட்டாமலே ஒரு நாள் முழுவதும் வேலை செய்துவிடலாம். நாற்பது வயதுவரை அப்பா பண்ணைக்காரரிடம் இப்படித்தான் பேசினார். அவர்களும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டு "இந்தாப்பா" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. எழுந்து நிற்பதைத் தவிர்க்கவும் அப்பாவுக்கு ஒரு உபாயம் இருந்தது: அவர்கள் வருகிற நேரத்தில் உட்கார்ந்தே இருக்க மாட்டார், ஏற்கனவே ஏதாவது வேலையாக நின்றுகொண்டிருப்பார்.

சமூகவியல் எம்.ஏ. படித்தபோது பிரவுன், கில்மன் என்ற இருவர் 1960-இல் எழுதிய கட்டுரை எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஐரோப்பிய மொழிகளில் ஒருவரை ஒருமையில் அழைப்பதும் பன்மையில் அழைப்பதும் முன்பு அதிகாரத்தைக் காட்டியது, பின்னர் மெல்ல மெல்ல நெருக்கத்தைக் காட்டுவதாக மாறியது என்பது அவர்கள் வாதம். நல்ல கட்டுரை. தேர்வில் நன்றாக எழுதினேன். ஆனால் அதிகாரத்தின் ஒருமைக்கும் நெருக்கத்தின் ஒருமைக்கும் நடுவில், எழுவாயை விழுங்கிக்கொண்டு முப்பது வருடம் நின்ற என் அப்பாவுக்கு அந்தக் கட்டுரையில் இடமில்லை.

மராத்தியத்தில் இந்தக் கதை வேறு வேகத்தில் நடந்தது. மகர்கள் மேல்சாதியாரைக் கண்டால் 'ஜோஹார்' என்று சொல்ல வேண்டும். அது ஒருவழி வணக்கம், எதிர்ப்பக்கத்திலிருந்து அதே சொல் திரும்பி வராது. அம்பேத்கரியர்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டார்கள். 1930-களில் காம்ப்டியைச் சேர்ந்த பாபு ஹர்தாஸ் 'ஜெய்பீம்' என்ற வணக்கத்தைப் பரப்பினார். முப்பத்தைந்து வயதில் இறந்துபோன மனிதர் அவர். இன்று நாம் இங்கே கூடியதும் சொன்ன சொல் அவர் கொடுத்தது. ஒருவர் சொன்னால் அதே சொல்லை மற்றவர் திருப்பிச் சொல்கிறார், அதில் மேலும் இல்லை கீழும் இல்லை. நம் பக்கம் 'கும்பிடுறேன் சாமி' போய் 'வணக்கம்' வந்ததும் இந்த வகைதான். கும்பிடுறேனுக்குப் பதில் 'ம்' என்ற உறுமல். வணக்கத்துக்குப் பதில் வணக்கம்.

1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சேலையைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டுங்கள், சாதியைக் காட்டிக்கொடுக்கிற கனத்த நகைகளை விடுங்கள் என்றார். பெரிய தலைவர் புடவைக் கட்டைப் பற்றிப் பேசுவதா என்று இன்றைக்குச் சிலருக்குத் தோன்றலாம். இராமநாதபுரத்துப் பட்டியலைப் படித்தவர்களுக்குத் தோன்றாது.

அதே அம்பேத்கர் எழுதிய இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மைப் பற்றியது. 1929-இல் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அங்கிருந்த மகர்கள் தங்கள் குடியிருப்புக்கு அழைக்கிறார்கள். குதிரைவண்டிக்காரர்கள் யாரும் அவரை ஏற்றி ஓட்ட மாட்டேன் என்கிறார்கள். வண்டியை வேண்டுமானால் வாடகைக்குத் தருவார்களாம், ஓட்டுவது அவர்கள் கௌரவத்துக்குக் குறைவாம். பாரிஸ்டரை நடத்திக் கூட்டிப்போவதா என்று நம் ஆட்களுக்கு மனம் வரவில்லை. வண்டி ஓட்டியே பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி தடம்புரண்டு, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. வண்டிக்காரரின் கௌரவமும் விருந்தினருக்குக் காட்ட நினைத்த மரியாதையும் சேர்ந்து அவரைக் கொன்றிருக்கும். அம்பேத்கர் இதை எழுதும்போது தன் மக்களைத் திட்டவில்லை. அவர்கள் ஏன் அவரை நடக்க விடவில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

உட்காருவதற்கு நம்மவர்கள் கொடுத்த விலையைப் பற்றி ஒன்று. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து நிற்கவில்லை, சமமாக உட்கார்ந்து பேசினார் என்பது தென்மாவட்டங்களில் இன்றுவரை வாய்மொழியாகச் சொல்லப்படும் செய்தி. எந்த நொடியில் யார் எழுந்தார், யார் எழவில்லை என்பதில் ஆய்வாளர்கள் வாதாடட்டும். ஒரு மக்கள்கூட்டம் தன் தியாகியை நினைக்கும்போது 'அவர் எழுந்து நிற்கவில்லை' என்று நினைக்கிறது, அதைப் பாருங்கள். அறுபத்து மூன்று வருடம் கழித்து, 2020-இல், கடலூர் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவி ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. அந்தப் படத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. ஒருவேளை எல்லோரும் மிக மரியாதையாகக்கூடப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இன்றைக்கு வார்த்தை மாறிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பண்ணை வீட்டுப் பேரன் என்னைப் பார்த்தால் "வாங்க சார்" என்கிறான், கிண்டல் இல்லாமல். திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறான். உள்ளே மர நாற்காலிகள் இருக்கின்றன, நான் பார்த்ததில்லை. காப்பி காகிதக் குவளையில் வருகிறது. இரட்டைக் குவளைக்கு எதிராக நாம் ஊர் ஊராகப் போராடினோம், இப்போது கடையில் எல்லோருக்கும் காகிதக் குவளை, வழக்குப் போட இடமில்லை. வீட்டிலும் அதே குவளை வந்துவிட்டது. எனக்குக் கொடுத்த குவளை தூக்கி எறியப்படுவது சுகாதாரத்துக்காகவா வேறொன்றுக்காகவா என்று நான் கேட்க முடியாது. கேட்டால் மரியாதை தெரியாதவன் நான்தான்.

என் சித்தப்பா மகன் மின்சார வேலை செய்கிறான். போனில் அழைக்கிறவர்கள் "சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்" என்பார்களாம். வந்து நின்றதும், எந்தத் தெரு என்று கேட்டதும், "அந்தப் பக்கமா போயி மெயின நிறுத்துப்பா" என்று இறங்கிவிடுமாம். போனுக்குச் சாதி தெரியாது, வாசல்படிக்குத் தெரியும் என்று அவன் சொல்வான். அவன் பள்ளிப் படிப்பைத் தாண்டவில்லை. சமூகவியல் அவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

இதுவரை நான் பேசியது உங்களுக்குக் கசக்காது. நாம் எல்லோரும் ஒரே பக்கம் நின்று பார்க்கிற காட்சி இது. மீதியை வாத்தியார் உயிரோடு இருந்தால் அவரே கேட்டிருப்பார்.

தாத்தாவுக்கு இரண்டு மரியாதைகள் இருந்தன. ஒன்று பண்ணைவீட்டு முனையில் தொடங்கி அங்கேயே முடிவது. இன்னொன்று சேரிக்குள் இருந்தது. தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும், கஞ்சி இருக்கிறதோ இல்லையோ, "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்காமல் அவர் தன் கலயத்தைத் தொட மாட்டார். படுத்திருப்பவரைத் தாண்டி நடக்க மாட்டார். கர்ப்பிணி வந்தால் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கி வழிவிடுவார். இழவு வீட்டில் பறை அடிக்க வந்தவர்களுக்குத் தன் கையால் தண்ணீர் மொண்டு கொடுத்த பிறகுதான் உட்காருவார். எந்த ஆண்டையும் சவுக்கை வைத்து அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள், அதாவது நான், முதலாவதைத் தூக்கி எறிந்தபோது இரண்டாவதையும் அதே குப்பையில் போட்டுவிட்டோம். இரண்டுக்கும் ஒரே முதுகுதானே குனிந்தது, எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் பொறுமை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலை இரவில் பார்த்தேன். எழுபது வயதுப் பறைக் கலைஞர் ஒருவர் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நம் தொண்டர் ஒருவர், படித்த பையன், நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "பெரியவரே, அங்க போயி உக்காரு, கூப்பிடுவோம்" என்றார். அரை மணி நேரம் கழித்து மேடையில் அந்தப் பறையை விடுதலையின் குரல் என்று அதே பையன் அறிவித்தார். பெரியவர் வந்து நன்றாகவே அடித்தார்.

நம் இயக்கங்களைச் சொன்னால் கோபம் வரும், சொல்கிறேன். காலில் விழுவது அடிமைத்தனம் என்று பேசிவிட்டு, அண்ணன் மேடையேறும்போது வரிசையில் நின்று விழுகிறோம். பொன்னாடைக்குத் தோள் காட்டுகிறோம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கிற சாதியை வெட்டினார்கள். நாம் பெயருக்கு முன்னால் மூன்று அடைமொழி சேர்க்கிறோம். அருந்ததியத் தோழர் சாக்கடை அடைப்பு எடுக்க நம் தெருவுக்கு வந்தால், அவர் எத்தனை வயதானாலும் "இந்தாப்பா, இங்க வா" என்று நம் வீட்டுச் சிறுவன் கூப்பிடுகிறான். பண்ணை வீட்டு ஆறு வயதுப் பையனின் அதே குரல். அதைக் கேட்டுக்கொண்டு நாம் உள்ளே அம்பேத்கர் படத்துக்குக் கீழே பத்திரிகை படிக்கிறோம்.

வீட்டுக்குள் இன்னும் சிக்கல். அப்பாவை 'நீங்க', அம்மாவை 'நீ'. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். அம்மாவை 'நீ' என்பது பாசம் என்று சொல்வோம். பொய் இல்லை, நாளைக்கு அம்மாவிடம் போய் 'வாங்கம்மா' என்றால் அவள் பயந்துவிடுவாள், தாத்தா பயந்த மாதிரி. ஆனால் பாசம் எப்போதும் பெண் பக்கமும் மரியாதை எப்போதும் ஆண் பக்கமும் போய் விழுவது எப்படி? என் மகளை நான் 'டா' போட்டுத்தான் கூப்பிடுகிறேன். "என்னடா சாப்பிட்ட?" என்றால் அவளுக்குச் சந்தோஷம். தாத்தாவின் முதுகில் விழுந்த அதே ஓரெழுத்து. அவள் அதன் வரலாறு தெரியாமல் சிரிப்பது எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

கடைசியாக ஒரு சம்பவம். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில், குளத்தங்கரையில், என் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா, எண்பதை நெருங்குகிறவள். பணித்தளத்தில் வருகை எடுக்கிறவர் இருபத்தைந்து வயது இருக்கும், ஊர்த் தெருப் பையன். பெயர்களை வெறும் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அத்தை பெயரையும் அப்படியே கூப்பிட்டார். அவள் "இருக்கேன் தம்பி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. போய்ச் சொன்னேன், வயதானவர்களை 'அம்மா' சேர்த்துக் கூப்பிட்டால் என்ன என்று. சண்டை ஒன்றும் வரவில்லை. அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றார். அடுத்த பெயரிலிருந்து 'அம்மா' சேர்ந்தது. சில பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வேலை முடிந்து அத்தையோடு வரப்பில் நடந்தேன். சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு. "பாத்தியா அத்த, சொன்னா கேக்குறாங்க" என்றேன்.

அத்தை கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். பிறகு, "அவன் கூப்பிடுறது கெடக்குது. நேத்து ராத்திரி வந்தியே, நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன். கஞ்சி குடிச்சியான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

நான் கேட்கவில்லை. செல்போனில் இந்தச் சொற்பொழிவுக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தேன்.

ஜெய்பீம்.